ரீல் இல்லாத தூண்டில்: டென்காரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்காரா என்றால் என்ன?

ஜப்பானின் மலையோடைகளில் மீன் பிடிக்க அந்த மலைகளில் வாழ்ந்தவர்கள் கையாண்ட தூண்டில் முறை. நீளமான ஒரு கம்பு, அதன் நுனியில் நேராகக் கட்டிய நரம்பு, நரம்பின் முனையில் இறகும் நூலும் சுற்றிய ஒரு முள். அவ்வளவுதான் சாமான். ரீல், தக்கை, ஈயக்குண்டு எதுவும் கிடையாது. புழுவும் கிடையாது. இறகு சுற்றிய அந்த முள்ளைப் பூச்சி என்று நம்பி மீன் கவ்வ வேண்டும். அந்தப் போலிப் பூச்சிக்கு அங்கே கெபாரி என்று பெயர்.

நம் ஊர்க் குளக்கரையில் மூங்கில் கம்பில் தங்கூசி கட்டிப் போடுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

பாதி ஒன்றுதான். கம்பின் நுனியிலேயே நரம்பைக் கட்டும் வழக்கம் உலகம் முழுவதும் உண்டு. வித்தியாசம் இரண்டு. குளத்தில் இரையைப் போட்டுவிட்டுத் தக்கை அமிழும்வரை உட்கார்ந்திருக்கலாம். டென்காராவில் உட்காரவே முடியாது. ஓடையில் ஏறிக்கொண்டே, ஒவ்வோர் இடத்திலும் சில முறை வீசிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். இரண்டாவது, கெபாரிக்கு எடையே இல்லை. குளத்துத் தூண்டிலில் இரையும் ஈயமும் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே நரம்பின் எடைதான் கெபாரியைச் சுமந்து போக வேண்டும். வீசும் முறையே மாறிப்போவது இதனால்தான்.

ஜப்பானிலும் மலையோடைக்குப் போகிறவர்களில் பலர் இதே மாதிரிக் கம்பில் ஓடைப்பூச்சிகளின் புழுவையோ சால்மன் முட்டையையோ கோத்துத்தான் மீன் பிடிக்கிறார்கள். டென்காராக்காரர்கள் அங்கே சிறுபான்மை.

இதைத் தொடங்கியது யார்?

மலையில் மீன் விற்றுப் பிழைத்தவர்கள். ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அவர்கள் எழுதி வைத்தவர்கள் இல்லை. கையில் கிடைக்கும் சான்றுகள் எல்லாம் வெளியாட்கள் எழுதியவை.

1828-இல் சுசுகி போகுஷி என்ற வணிகர், இன்றைய நீகாட்டா, நாகானோ மாநிலங்களின் எல்லையில் இருக்கும் அகியாமாகோ பள்ளத்தாக்குக்குப் போனார். வடக்கே அகிடாவிலிருந்து வந்து அங்கே தங்கி வேட்டையாடிய மதாகி என்னும் வேட்டைக்காரர்களைச் சந்தித்தார். அவர்கள் ஓடையில் மீன் பிடித்து, மலையைத் தாண்டிக் குசாட்சு வெந்நீர் ஊற்று விடுதிகளுக்குக் கொண்டுபோய் விற்றதாக அவர் குறிப்பில் இருக்கிறது. உடம்புக்கு நல்லதென்று குளிக்க வந்த காசுள்ளவர்கள், அவர்களுக்குச் சாப்பாட்டில் வைக்க மீன் தேடிய விடுதிக்காரர்கள், கடலோ நாள்கணக்கான தூரத்தில். மலையோடை மீனுக்கு விலை வந்தது இப்படித்தான்.

இறகு சுற்றிய முள்ளைப் பற்றித் தெளிவாக எழுதியவர் எர்னஸ்ட் சாட்டோ என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. 1878-இல் டாட்டேயாமா மலைப்பக்கம் ஏறியபோது, அங்கே இறகு முள்ளால் இவானா என்ற மலையோடை மீன் பிடிப்பதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். டென்காரா பற்றி இன்று அறியப்படும் மிகப் பழைய எழுத்துச் சான்றாகப் பலர் காட்டுவது இதைத்தான்.

குரோபே ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த டோயாமா ஷினாஎமோன் என்ற வேட்டைக்காரரின் பெயர் இன்றும் அந்தப் பக்கம் புழங்குகிறது. பிடித்த இவானாவைப் புகையில் வாட்டி, ஹரினோகி கணவாய் ஏறி இறங்கி ஓமாச்சி ஊருக்குக் கொண்டுபோவது அவர் பிழைப்பு. ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரக் கணவாய் அது. அவர் புழங்கிய ஆற்றங்கரையின் ஒரு பகுதி 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட குரோபே அணையின் நீருக்குள் போய்விட்டது. காமிகோச்சியில் அசுசா ஆற்றில் மீன் பிடித்த காமிஜோ காமோன்ஜி இன்னொருவர். ஆங்கிலேய மலையேறி வால்டர் வெஸ்டனுக்கு வழிகாட்டியவர். அவர் பெயரில் இருக்கும் மலைக்குடில் இன்றும் இயங்குகிறது. அங்கே சுட்ட இவானா கிடைக்கும்.

இந்த வரலாற்றை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டென்காராவை எளிமைத் தவம், ஜென் தியானம் என்றெல்லாம் விற்கிற விளம்பரங்கள் இன்று நிறைய. அதை உருவாக்கியவர்களுக்குத் தேவைப்பட்டது, பொழுது சாய்வதற்குள் கூடை நிறைய மீன். புழு தேடி நேரம் வீணாகக் கூடாது, சாமான் கனக்கக் கூடாது, உடைந்தால் மலையிலேயே வேறு வெட்டிக்கொள்ள வேண்டும். கம்பும் நரம்பும் முள்ளும் இன்று இருக்கும் வடிவத்துக்கு வந்தது இந்தக் கணக்கில்தான்.

சாமுராய்கள் இப்படித்தான் மீன் பிடித்தார்கள் என்று படித்தேனே?

அது வேறு மீன், வேறு முள். கனசாவா நகரை மையமாகக் கொண்ட காகா சிற்றரசில் சாமுராய்கள் உடற்பயிற்சி என்ற பெயரில் ஆற்றில் இறங்கித் தூண்டில் போட்டார்கள். அவர்கள் பிடித்தது ஆயு என்ற சமவெளி ஆற்று மீன். அதற்காகக் கட்டிய முள்கள் தங்கத்தாள் ஒட்டி, நகைபோல நுணுக்கமாக இருக்கும். காகா கெபாரி இன்றும் கனசாவாவில் கைவினைப் பொருளாக விற்கிறது. மலைக்காரர்களின் முள்ளில் அந்த மினுக்கு எதுவும் இல்லை. விற்பனைக்கு வசதி என்று இரண்டையும் யாரோ கலந்துவிட்டார்கள்.

இந்த முறை ஜப்பானில் மட்டும்தான் உண்டா?

இல்லை. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியர்கள் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் ஆற்று மீன் பிடித்ததைச் சொல்கிறார். கம்பு ஆறடி, கயிறும் ஆறடி. இத்தாலியின் ஆல்ப்ஸ் பக்கம் செசியா பள்ளத்தாக்கில் குதிரைமுடி நரம்போடு இன்றும் ஒரு முறை பிழைத்திருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்ததாக நினைக்க வேண்டியதில்லை.

எந்த மீன்களுக்கானது?

முக்கியமாக மூன்று. இவானா, யமமே, அமகோ. மூன்றுமே சால்மன் குடும்பம், மூன்றுக்கும் குளிர்ந்த நீர் வேண்டும்.

ஓடையின் உச்சியில், மனிதர் எட்டிப்பார்க்கத் தயங்கும் இடத்தில் இருப்பது இவானா. உடம்பில் வெளிர்புள்ளிகள். கண்டதை எல்லாம் தின்னும், தவளையும் சிறு பாம்பும் உட்பட. அதற்குச் சற்றுக் கீழே யமமேயும் அமகோவும். இரண்டும் நெருங்கிய உறவு, பக்கவாட்டில் விரல் வைத்து அழுத்தியது போன்ற நீள்வட்டக் கறைகள் இரண்டுக்கும் உண்டு. அமகோவுக்கு மேலதிகமாகச் சிவப்புப் பொட்டுகள். கிழக்கிலும் ஜப்பான் கடல் பக்கமும் யமமே, தென்மேற்கில் பசிபிக் பக்க ஆறுகளிலும் ஷிகோகு தீவிலும் அமகோ என்று இயற்கை பிரித்து வைத்திருந்தது. கண்டபடி குஞ்சு விட்டதில் அந்த எல்லை இன்று குழம்பிக் கிடக்கிறது.

கடலுக்குப் போய்த் திரும்பும் யமமே, செர்ரி சால்மன் என்று வேறு பெயர் பெற்று இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக வரும். ஓடையிலேயே தங்கிவிட்டால் 20, 25 சென்டிமீட்டர். பழைய ஜப்பானிய அளவையில் ஒரு ஷாக்கு, அதாவது 30.3 சென்டிமீட்டர், தொட்டுவிட்ட இவானாவைப் பிடித்தவர் அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கம்பு ஏன் இவ்வளவு நீளம்?

டென்காராவின் உயிர் இந்தப் பதிலில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மலையோடை ஒரே வேகத்தில் ஓடாது. உங்கள் காலடியில் சீறிப் பாயும். அதற்கு அப்பால், ஒரு பாறையின் பின்னால், தண்ணீர் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். மீன் நிற்பது அந்தச் சுழலில். வேகநீரில் நின்றால் அதன் சக்தி வீணாகும். மந்தநீரில் நின்றுகொண்டு, பக்கத்து வேகநீர் அடித்துக்கொண்டு வரும் பூச்சியை எட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பினால் லாபம்.

சாதாரணக் கம்பால் நரம்பை அந்தச் சுழல்வரை வீசினால், நடுவில் இருக்கும் வேகநீரின் மேல் நரம்பு படுத்துவிடும். ஒரே நொடியில் வேகநீர் நரம்பை இழுக்கும், நரம்பு முள்ளை இழுக்கும். எந்தப் பூச்சியும் நீரோட்டத்துக்குக் குறுக்கே மோட்டார் வைத்தது போல ஓடாது என்பது மீனுக்குத் தெரியும். ஒரு முறை சந்தேகப்பட்டுவிட்டால் பிறகு அது பாறைக்கடியில்தான்.

3.6 மீட்டர் கம்பைக் கை நீட்டிப் பிடித்தால், வேகநீரின் மேலே நரம்பைக் காற்றிலேயே தூக்கி வைத்திருக்கலாம். தண்ணீரைத் தொடுவது கெபாரியும், அதை ஒட்டிய மெல்லிய நரம்பில் ஒரு சாண் இரண்டு சாணும் மட்டும். கெபாரி சுழலிலேயே நிற்கும், வேண்டிய அளவு நிற்கும். மேற்கத்திய முறையில் ஏறக்குறைய 2.7 மீட்டர் கம்பும் கனமான நரம்பும் ரீலும் கொண்டு 15, 20 மீட்டர் தாண்டி வீசலாம். அகன்ற ஆற்றுக்கு அது சரி. மூன்று எட்டில் தாண்டிவிடக்கூடிய, பாறை நிறைந்த ஓடையில் அந்தத் தூரம் எதற்கும் உதவாது. மீன் இருப்பது ஐந்தாறு மீட்டருக்குள். அந்தத் தூரத்துக்கு ரீல் ஒரு சுமை.

என்ன கம்பு வாங்குவது?

முன்பு மூங்கில். 1970-களிலிருந்து கார்பன் கம்புகள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் துண்டுகள், மடக்கினால் அரை மீட்டர் சொச்சம், எடை 60 முதல் 100 கிராம். முதல் கம்பு 3.6 மீட்டராக இருக்கட்டும். மரக்கிளை மூடிய குறுகிய ஓடைக்கு 3.3 போதும், விரிந்த ஆற்றுக்கு 4 அல்லது 4.5. ஆனால் நீளம் கூடக்கூட மணிக்கட்டு வலிக்கும்.

கம்பில் 7:3, 6:4 என்று எண்கள் இருக்கும். வளைவு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுபவை. 7:3 என்றால் நுனிப்பக்கம் மட்டும் வளையும் விறைப்பான கம்பு. 5:5 என்றால் பாதிவரை வளையும் மெத்தென்ற கம்பு. புதியவர்களுக்கு 6:4 நல்லது என்பது என் கட்சி, நரம்பின் எடை கையில் தெரியும்.

டைவா, நிஸ்ஸின் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் செய்கின்றன (நூடுல்ஸ் நிஸ்ஸின் வேறு, இது வேறு). பத்தாயிரம் யென்னை ஒட்டித் தொடங்கி அதற்கு மேல் எவ்வளவும் போகும். அதிக விலைக் கம்பு அதிக மீன் தராது.

நரம்பு?

பழைய நாளில் குதிரைவால் முடியை முறுக்கிச் செய்தார்கள். கைப்பக்கம் அதிக முடி, முனைப்பக்கம் குறைந்த முடி. இன்றும் அப்படி முறுக்கிய நரம்புகள் கிடைக்கும், மென்மையாக வீச வரும். ஆனால் பெரும்பாலோர் இன்று பயன்படுத்துவது ஒரே தடிமனான ஃப்ளூரோகார்பன் நரம்பு. சாதாரண நைலான் ஏன் கூடாது என்றால் எடை. நைலான் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தி, ஃப்ளூரோகார்பன் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. சுமந்து போக ஈயம் இல்லாத இடத்தில் அந்த வித்தியாசம் பெரியது. சிறு காற்று அடித்தாலும் நைலான் திரும்பி வந்துவிடும்.

தடிமனைக் குறிக்கும் ஜப்பானிய எண் 3.5 அல்லது 4, கண்ணில் படும் நிறத்தில் வாங்குங்கள். நீளம் கம்பின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் போதும். அதன் முனையில் நிறமில்லாத மெல்லிய நரம்பு ஒரு மீட்டர், 0.15 மில்லிமீட்டர் அளவில். இதைவிடத் தடிமனாகக் கட்டாதீர்கள். எங்காவது சிக்கி இழுபறி வந்தால் அறுந்துபோக வேண்டியது அந்த நரம்பு. அது அறாவிட்டால் கம்பின் நுனி உடையும்.

கம்பு நுனியில் சிவப்பாக ஒரு மென்கயிறு ஒட்டியிருக்கும், பெயர் லில்லியன். அதன் முனையில் ஒரு முடிச்சு. நரம்பில் சுருக்கு வைத்து அந்த முடிச்சுக்கு மேலே இறுக்கினால் முடிந்தது.

கெபாரி எந்தப் பூச்சி மாதிரி இருக்க வேண்டும்?

எந்தப் பூச்சி மாதிரியும் வேண்டாம். மேற்கத்திய முறையில் இன்றைக்கு ஆற்றில் எந்தப் பூச்சி பொரிகிறது என்று பார்த்து, அதே நிறம், அதே அளவில் போலி தேடுவார்கள். பெட்டியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். மலைக்கார மீனவரிடம் ஒன்றிரண்டு வகைதான். வேகமான ஓடையில் மீனுக்கு யோசிக்க அவகாசம் இல்லை. கடந்து போவதற்குள் கவ்வ வேண்டும், இல்லையென்றால் பட்டினி. ஏதோ உயிருள்ளது என்று தோன்றினால் போதும்.

பெயர் பெற்ற வடிவம் சகாசா கெபாரி. வழக்கமான போலிப் பூச்சியில் இறகு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதில் குடைக்கம்பிகள் காற்றில் திரும்பிக்கொண்டது போல முன்னோக்கி விரிந்திருக்கும். கம்பு நுனியை லேசாகத் துடிக்க வைத்தால் இறகு மூடித் திறக்கும், நீருக்குள் ஏதோ மூச்சு விடுவதாகத் தெரியும். உடம்புக்குத் தையல் நூல், மயில் இறகின் இழை, அல்லது சென்மாய் என்னும் பெரணியின் இளங்குருத்தைப் போர்த்தியிருக்கும் பஞ்சு. காட்டில் கிடைத்ததைச் சுற்றினார்கள். அந்தக் காலத்து முள்ளில் காது கிடையாது, பட்டுநூலால் ஒரு வளையம் வைத்துக் கட்டிக்கொள்வார்கள். இடுக்கி கூட இல்லாமல் விரலில் பிடித்தே சுற்றி முடிப்பார்கள்.

ஐச்சி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஹிசாவ் இஷிகாகி ஒரே வகைக் கெபாரியை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் மீன் பிடித்துக் காட்டியவர். கெபாரி மாற்றும் நேரத்தில் இன்னும் நான்கு தடவை வீசலாம் என்ற கணக்கு இதில் இருக்கிறது. பல வகை வைத்துக்கொள்ளும் டென்காராக்காரர்களும் உண்டு. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எப்படி வீசுவது?

முழங்கையை விலாவை ஒட்டி வையுங்கள். ஆள்காட்டி விரல் கைப்பிடியின் மேல் நீண்டிருக்கட்டும். கம்பைக் கடிகார முள்ளாக எண்ணினால், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குச் சுறுசுறுப்பாகத் தூக்கி நிறுத்துங்கள். நரம்பு பின்னால் போய் நீளட்டும், ஒரு கணம். பிறகு முன்னால் பத்து மணிக்குக் கொண்டுவந்து சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் வீச்சு. நிறுத்தாமல் கீழேவரை அடித்தால் நரம்பு முழுவதும் சுருண்டு தண்ணீரில் விழும்.

பலத்தால் ஆவது எதுவும் இல்லை. பின்பக்கம் பன்னிரண்டு மணியைத் தாண்டவிட்டால் கெபாரி மரத்தில்தான் இருக்கும். கெபாரி முதலில் தண்ணீரைத் தொட வேண்டும், நரம்பு அதற்குப் பின்பும் காற்றிலேயே இருக்க வேண்டும். மொட்டைமாடியிலோ மைதானத்திலோ ஒரு தட்டை வைத்து அதில் விழ வைத்துப் பழகினால் ஒரு மாலையில் வந்துவிடும். மின்கம்பி இருக்கும் இடம் மட்டும் வேண்டாம், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

வீசக் கற்றுக்கொண்டேன். மீன் எங்கே?

கீழிருந்து மேலே போங்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்பக்கம் பார்த்தபடி நிற்கும். நீங்கள் அதன் முதுகுக்குப் பின்னால் வருகிறீர்கள். நிமிர்ந்து நடக்காதீர்கள், பாறை இருந்தால் அதன் பின்னால் ஒளியுங்கள், நிழல் தண்ணீரில் விழ வேண்டாம். ஒரு மடுவைப் பார்த்ததும் அதன் நடுவில் வீசத் தோன்றும். முதலில் அதன் வால்பகுதி, அதாவது தண்ணீர் மெலிந்து வெளியேறும் இடம். அங்கே நிற்கும் சிறுமீன் மிரண்டு மேலே ஓடினால் மடு முழுவதும் செய்தி பரவிவிடும். வாலை முடித்துவிட்டு ஓரங்கள், பாறைப்பின்புறங்கள், கடைசியாக அருவி விழும் நுரையின் விளிம்பு.

கெபாரியை நீரோட்டத்தோடு சும்மா விடுவது ஒரு வகை. ஓரிடத்தில் நிறுத்திப் பிடிப்பது ஒரு வகை. இரண்டு துடிப்பு, ஒரு விடுதல் என்று ஆசை காட்டுவது இன்னொரு வகை. ஓரிடத்தில் ஐந்தாறு வீச்சுக்கு மேல் வேண்டாம். விரும்பும் மீன் முதல் மூன்றில் வந்துவிடும்.

சாமான் குறைந்ததால் வேலை குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ரீலும் பெட்டியும் செய்த வேலை உங்கள் காலுக்கும் கண்ணுக்கும் மாறியிருக்கிறது. வீச்சு சுமாராக இருந்தாலும் சத்தமில்லாமல் நெருங்கத் தெரிந்தவர் மீன் பிடிப்பார்.

மீன் மாட்டியது எப்படித் தெரியும்? ரீல் இல்லாமல் எப்படி இழுப்பது?

நரம்பு நிற்கும், அல்லது ஒரு விரற்கடை நகரும். சில சமயம் நீருக்குள் ஒரு வெள்ளி மின்னல். கம்பு நுனியை மணிக்கட்டால் சுருக்கென்று உயர்த்துங்கள், போதும். கம்பை உயர்த்தியே வைத்து வளைய விடுங்கள். மீனின் இழுப்பைக் கம்பு முழுவதும் வாங்கிக்கொள்ளும். மீனை வேகநீருக்குள் போகவிடாமல் மந்தநீர்ப் பக்கம் சாய்த்துக் கொண்டுவாருங்கள். பிறகு கம்பைத் தோளுக்குப் பின்னால் சாய்த்தால் நரம்பு கைக்கு எட்டும். மற்றொரு கையில் தமோ. ஒரே மரக்கிளையை வளைத்துச் செய்த வட்டவலை அது, மீன் பிடிக்காதவர்களும் ஆசைப்பட்டு வாங்கும் அளவுக்கு அழகு.

கம்பைவிட அதிக நீளமாக நரம்பு கட்டியிருந்தால் நரம்பைக் கையால் வாங்கி வாங்கி இழுக்க வேண்டியிருக்கும். முதல் வருஷம் அந்த வம்பு வேண்டாம்.

பெரிய மீன் வந்துவிட்டால்?

கம்போடு கரையில் ஓடுங்கள். ஓட இடம் இல்லையென்றால் மெல்லிய நரம்பு அறும், மீன் போகும். பெரிய ஆற்று மீன்களுக்கென்று தனிக் கம்புகள் இருக்கின்றன. சாதாரணக் கம்பைக் கொண்டுபோய்ப் பெரிய மீனிடம் வீரம் காட்டுவதில் அர்த்தமில்லை.

ஜப்பானுக்குப் போனால் எந்த ஓடையிலும் இறங்கலாமா?

கூடாது. பெரும்பாலான ஆறுகளில் உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிமை உண்டு. அவர்களிடம் யூக்யோகென் என்ற சீட்டு வாங்க வேண்டும். நாள் சீட்டு, வருடச் சீட்டு இரண்டும் உண்டு. ஓடையோரக் கடை, தூண்டில் கடை, கன்வீனியன்ஸ் ஸ்டோர், இப்போது கைப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கும். சீட்டு இல்லாமல் கண்காணிப்பாளரிடம் மாட்டினால் அந்த இடத்திலேயே கூடுதல் விலை. 1949-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி உரிமை பெற்ற சங்கம் மீன்வளத்தைப் பெருக்கவும் கடமைப்பட்டது. குஞ்சு விடுவதற்கும் முட்டையிடும் இடங்களைச் சீர்செய்வதற்கும் உங்கள் சீட்டுக் காசு உதவுகிறது.

மீன் முட்டையிடும் இலையுதிர்காலத்திலும் குளிரிலும் தடை. பல மாநிலங்களில் அக்டோபர் தொடங்கிப் பிப்ரவரி முடிய. இடத்துக்கு இடம் தேதி மாறும், பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளமும் மாறும், சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். பனி உருகி வரும் கலங்கல் வடிந்த பிறகு, மே, ஜூன் மாதங்கள் அருமை.

ஓடையில் வேறு யாராவது இருந்தால்?

அவர் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் அவருக்கு முன்னால் போய் இறங்காதீர்கள். எழுதாத சட்டங்களில் முதலாவது இது. முன்னால் இறங்கினால் அவருடைய மீன் எல்லாவற்றையும் மிரட்டி அனுப்புகிறீர்கள். வணக்கம் சொல்லி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வேறு கிளையோடைக்குப் போய்விடுவது வழக்கம். வண்டி நிற்பதைப் பார்த்தே பலர் அடுத்த பள்ளத்தாக்குக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆபத்து உண்டா?

உண்டு, மீன் கதைகளில் அதைச் சொல்வதில்லை. ஹோன்ஷூ மலைகளில் கறுப்புக்கரடி, ஹொக்கைடோவில் பழுப்புக்கரடி. ஓடைச் சத்தத்தில் நீங்கள் வருவது அதற்குக் கேட்காது, அது வருவது உங்களுக்கும் கேட்காது. மணியோ விசிலோ இருக்கட்டும். கோடை முடிவில் பெருங்குளவிகள், பாறை இடுக்கில் மமுஷி விரியன். மேலே எங்கோ பெய்த மழைக்குக் கீழே வெயிலிலேயே வெள்ளம் வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும் சருகுகள் மிதந்து வந்தாலும் உடனே கரையேறுங்கள். அணைக்குக் கீழே என்றால் சைரன் ஒலிக்குக் காது கொடுங்கள்.

வழுக்குப் பாறைக்கு அந்தக் காலத்தில் வைக்கோல் செருப்பு, இப்போது ஃபெல்ட் அடி ஒட்டிய காலணி. தனியாகப் போகாதீர்கள். இடி இடித்தால் கம்பை மடக்குங்கள்.

மலைக்காரர் பிழைப்பு எப்படி உலகம் சுற்றியது?

சாலையும் குளிர்பதனமும் வளர்ப்பு மீனும் வந்த பிறகு விடுதிகளுக்குக் காட்டு மீனவர் தேவைப்படவில்லை. தொழில் செத்தது. அதைப் பொழுதுபோக்காகப் பரப்பியவர்களில் முக்கியமானவர் யமமோட்டோ சோசெகி என்ற எழுத்தாளர். கிழவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். சுச்சினோகோ என்ற, யாரும் பிடித்துக் காட்டாத குட்டைப் பாம்பைத் தேடி மலை மலையாக அலைந்தவரும் இவர்தான். தூண்டில்காரர்களின் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பட்டகோனியா என்ற மலையேற்ற உடை நிறுவனத்தைத் தொடங்கிய இவோன் சுயினார்டுக்கு ஒரு ஜப்பானிய நண்பர் டென்காரா கம்பு ஒன்றைக் கொடுத்திருந்தார். 2009-இல் டேனியல் கல்ஹார்டோ என்ற பிரேசில்காரர் அமெரிக்காவில் டென்காரா கம்புகளுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டு, முன்பு சொன்ன இஷிகாகி அங்கே போய் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் செய்து காட்டினார். அதன்பின் ஐரோப்பாவுக்கும் போனது. வெளிநாட்டார் கொண்டாடுவதைப் பார்த்து ஜப்பானிய இளைஞர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள் என்பதும் நடந்தது.

பிடித்த மீனைச் சாப்பிடுவதா, விடுவதா?

இரண்டும் உண்டு. குச்சியில் வளைத்துக் கோத்து, உப்புத் தடவிக் கரிநெருப்பில் நிதானமாகச் சுடுவார்கள். சுட்ட இவானாவைச் சூடான சாகே மதுவில் ஊறவைத்து, அந்த மதுவைக் குடிக்கும் வழக்கமும் உண்டு. மீனைத் திரும்ப விட்டே ஆக வேண்டும் என்ற பகுதிகளும் சில ஆறுகளில் இருக்கின்றன. ஓடையின் உச்சியில் இருக்கும் மீன்கள் கொஞ்சம்தான், வளர்வதும் மெதுவாக. அங்கே விட்டுவிடுவதே நியாயம் என்று நினைக்கிறேன். விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், வெயிலில் சுட்ட பாறையில் மீனைக் கிடத்தாதீர்கள், முள் நுனியின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கி வைத்துக்கொண்டால் மீனின் வாயிலிருந்து சுலபமாகக் கழலும்.

நீலகிரியில் ட்ரவுட் இருக்கிறதே, அங்கே செய்யலாமா?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் அவலாஞ்சி பக்கம் இருப்பது உண்மை. முறையும் அந்த மீனுக்குப் பொருந்தும். ஆனால் அந்த ஓடைகளில் பெரும்பகுதி காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை, மீன்வளத்துறை அனுமதி இல்லாமல் கம்பை விரித்தால் வழக்குத்தான்.

கடைசியாக ஒன்று: கம்பை எப்படிப் பத்திரமாக விரித்து மடக்குவது? புதிதிலேயே உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விரிக்கும்போது நுனித்துண்டு முதலில், ஒவ்வொன்றாக, மென்மையாக இழுத்து. உதறி விரிக்காதீர்கள். மடக்கும்போது அடித்துண்டிலிருந்து தொடங்குங்கள், இரண்டு கையும் மூட்டுக்கு அருகில் இருக்கட்டும். கெபாரி கிளையில் சிக்கினால் கம்பை வளைத்து இழுக்கவே கூடாது. கம்பை மடக்கிக்கொண்டே நெருங்கி, நரம்பைக் கையால் பிடித்து நேராக இழுங்கள். துண்டுகள் இறுகிக்கொண்டால் முறுக்க வேண்டாம். அந்த மூட்டைக் குளிர்ந்த ஓடைநீரில் சற்று நேரம் வைத்துவிட்டு, ரப்பர்த் துண்டால் பிடித்து நேராகத் தள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடி மூடியைக் கழற்றித் துண்டுகளைத் தனித்தனியாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போட்டால் பூச்சு கொப்புளித்து அடுத்த முறை எதுவும் நகராது.